பச்சைக் கண்

சென்னையில் இப்போது எந்தப் புது ஓட்டலுக்குப் போனாலும் வாசலில் ஒரு பழைய சைக்கிள் நிற்கிறது. கூடையில் பிளாஸ்டிக் பூ. உள்ளே போனால் சுவரில் அரிக்கேன் விளக்கு, கறுப்பு டெலிபோன், எனாமல் கூஜா, யார் வீட்டுத் தாத்தா பாட்டியோ கல்யாணக் கோலத்தில் முறைக்கிற போட்டோ. மெனு கார்டு மட்டும் கிடையாது. மேஜையில் ஒட்டியிருக்கிற கட்டத்தை செல்போனில் படம் பிடித்தால்தான் இட்லி என்ன விலை என்று தெரியும். பழைய காலத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, புதுக் காலத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

அப்படி ஓரிடத்தில் அலமாரி மேல் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. மரப்பெட்டி, தங்க நிறத் துணி, தந்த நிறத்தில் குமிழ்கள். ஆசையாகப் பக்கத்தில் போய்ப் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. வால்வு, டிரான்ஸ்ஃபார்மர், எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, உள்ளங்கை அளவு ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை உட்கார வைத்திருந்தார்கள். குடலை எடுத்துவிட்டுக் கடையில் அடுக்கிய மீன் மாதிரி இருந்தது. அதற்கப்புறம் எனக்கு தோசை இறங்கவில்லை.

"ஒரு ரேடியோவுக்காக யாராவது தோசையை மிச்சம் வைப்பாங்களாம்மா?" என்றான் மகன்.

வைப்பார்கள். என்னை மாதிரி ஆட்கள் வைப்பார்கள்.

இந்தக் காலத்தோடு எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை. பாங்கில் 35 வருஷம் வேலை பார்த்தவள் நான். பேரேடு போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது, எங்கள் கிளையில் பயப்படாமல் போய் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருத்தி. கீரைக்காரம்மாவுக்கு செல்போனில் பணம் அனுப்பத் தெரியும். பேத்தியோடு வீடியோவில் பேசத் தெரியும். இருந்தாலும், தெரிந்த முகமே இல்லாத கல்யாண வீட்டில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிற விருந்தாளி மாதிரி ஓர் உணர்வு. சாப்பாடு நன்றாகத்தான் இருக்கிறது. உபசாரத்துக்கும் குறைவில்லை. ஆனால் இது நம் வீட்டு விசேஷம் இல்லை.

யோசித்துப் பார்த்தால் எனக்கு ஒட்டாமல் போவது புதுமை இல்லை. புதுப் பொருள்களுக்கு முதுகு இல்லை என்பதுதான். அந்தக் கால ரேடியோவுக்கு முதுகு உண்டு. அட்டைப் பலகையில் நாலு திருகாணி. கழற்றினால் உள்ளே ஓர் ஊரே இருக்கும். தையல் மெஷினுக்கு முதுகு உண்டு, சுவர்க்கடிகாரத்துக்கு உண்டு, டைப்ரைட்டருக்கு உண்டு. என் செல்போனைத் திருப்பினால் வழவழவென்று ஒரு கண்ணாடி. திருகாணி கண்ணில் படுவதில்லை. அது உடைந்தால் எனக்குப் புரியாது, அது ஓடும்போதும் எனக்குப் புரிவதில்லை.

இந்த ஏக்கத்துக்குப் பெயர் வைத்தவர் ஒரு மருத்துவ மாணவர். 1688ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் யோஹன்னஸ் ஹோஃபர் எழுதிய ஆய்வேட்டில்தான் 'நாஸ்டால்ஜியா' என்கிற வார்த்தை பிறந்தது. கிரேக்க மொழியில் நாஸ்டோஸ் என்றால் வீடு திரும்புதல், அல்கோஸ் என்றால் வலி. ஊரை விட்டு வந்தவர்கள் ஊர் நினைப்பிலேயே இளைத்துப் படுத்துவிடுவதை அவர் நிஜமான நோய் என்றே எழுதினார். அது இடத்துக்கான ஏக்கம். ஆளை ஊருக்கு அனுப்பிவிட்டால் சரியாகிவிடும். நாளடைவில் அதே வார்த்தை காலத்துக்கான ஏக்கமாக மாறிவிட்டது. அங்கேதான் சிக்கல். கும்பகோணத்துக்கு பஸ் இருக்கிறது. 1968க்கு ஏது பஸ்?

என் வயசுக்காரர்களுக்கு இது வரலாம். ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத பிள்ளைகளுக்கும் வருகிறதே, அதுதான் ஆச்சரியம். 2022ல் அமெரிக்காவில் சுமார் 4 கோடியே 10 லட்சம் இசைத்தட்டுகள் விற்றன. சி.டி. விற்றது 3 கோடியே 30 லட்சம்தான். எண்ணிக்கையில் இசைத்தட்டு சி.டி.யை முந்தியது 1987க்குப் பிறகு அப்போதுதான். அதை வாங்கியவர்கள் எல்லோரும் தாத்தாக்களாக இருக்க முடியாது.

எங்கள் அபார்ட்மென்டிலேயே ஒருவன் இருக்கிறான். மாடி வீட்டுப் பையன். வயசு 24. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மையூற்றும் பேனாவில்தான் எழுதுவான். சாவி கொடுக்கிற கைக்கடிகாரம். முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்து, அந்தக் கால ஜெமினி கணேசன் மாதிரி வகிடு எடுத்து வாரியிருப்பான். லிஃப்ட்டில் மற்றப் பிள்ளைகள் அவனைக் கிண்டல் பண்ணுவது என் காதிலேயே விழுந்திருக்கிறது.

ஒருநாள் இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு ஒரு வால்வு ரேடியோவோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். பிலிப்ஸ். எங்கள் வீட்டில் இருந்தது மாதிரியே. எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை.

"காரைக்குடியில வாங்கினேன் ஆன்ட்டி. உள்ள எல்லாம் அப்படியே இருக்கு. ஆனா பாடாதுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க."

"பாடாத ரேடியோவை எதுக்குப்பா வாங்கின?"

"தெரியல ஆன்ட்டி. பார்த்தா விட்டுட்டு வர மனசு வரல. நான் தப்பான காலத்துல பொறந்துட்டேன்னு நினைக்கிறேன்."

சிரிக்கத் தோன்றவில்லை. அதே வார்த்தையை நானும் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருப்பவள்தானே.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு நானும் போயிருக்கிறேன். பழைய பொருள் கடைகள் வரிசையாக இருக்கும். பர்மா தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் அடுக்கு, பித்தளைப் பூட்டு, ரவிவர்மா படம். பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் வயிற்றை என்னவோ செய்யும். ஏனென்றால் அங்கே இருக்கிற ஒவ்வொரு தூணும் ஒரு வீடு இடிந்தபோது வந்தது. பர்மாவிலும் மலாயாவிலும் சம்பாதித்து எழுப்பிய வீடுகள். 1942ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது அந்தச் செல்வம் ஆட்டம் கண்டது. பின்னால் பர்மா தன் நிலங்களை அரசுடைமை ஆக்கியதில் மிச்சமும் போயிற்று. இங்கே பங்காளிகள் பெருகினார்கள். அத்தனை பெரிய வீட்டுக்கு ஓடு மாற்றக்கூட யாரிடமும் பணமில்லை. பிரித்து விற்றார்கள். ஒரு குடும்பத்தின் கடைசிக் கணக்கைத்தான் நாம் அலங்காரமாக வாங்கி வந்து வரவேற்பறையில் வைக்கிறோம்.

அதற்காக வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. யாரும் வாங்காவிட்டால் அது அடுப்புக்கும் பழைய இரும்புக்கும் போகும். எங்கள் அப்பாவின் ரேடியோ அப்படித்தான் போயிற்று. அப்பா காலமாகி வீட்டைப் பிரித்தபோது பாத்திரங்களுக்குப் போட்டி இருந்தது. ரேடியோவை யாரும் கேட்கவில்லை. எடைக்குப் போட்டாயிற்று.

"அந்தக் காலம் எப்படி ஆன்ட்டி இருந்துச்சு? சொல்லுங்களேன்" என்றான் பையன், ரேடியோவை மேஜைமேல் வைத்துவிட்டு.

சொன்னேன்.

1966ல் எங்கள் வீட்டுக்கு ரேடியோ வந்தது. பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மொட்டைமாடியில் இரண்டு மூங்கில் நட்டு, நடுவில் செப்புக் கம்பி வலையை நாடா மாதிரி கட்டுவார்கள். அதுதான் ஏரியல். ரேடியோ வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும். தபாலாபீஸில் வருஷா வருஷம் பணம் கட்டிப் புத்தகத்தில் பதிந்து வாங்க வேண்டும். 1980களில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது.

குமிழைத் திருகினால் உடனே பாடாது. வால்வு சூடேற அரை நிமிஷம் ஆகும். முதலில் டயல் கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சளாக விளக்கு எரியும். கண்ணாடியில் உலகத்து ஊர்ப் பெயர்கள். அப்புறம் மெல்ல ஓர் உறுமல். அதோடு அந்தப் பச்சைக் கண் திறக்கும். ஸ்டேஷன் சரியாகப் பிடிபட்டதா என்று காட்டுகிற ஒரு சின்ன வால்வு அது. மாஜிக் ஐ என்பார்கள். ஸ்டேஷனை நெருங்க நெருங்க நடுவில் இருக்கிற நிழல் குறுகும். பூனை உற்றுப் பார்க்கிற மாதிரி இருக்கும். சிறுவயதில் நான் பார்த்த வஸ்துக்களிலேயே அழகானது எது என்று கேட்டால், கோயில் தேரையோ கல்லணையையோ சொல்ல மாட்டேன். அந்தப் பச்சைக் கண்ணைத்தான் சொல்வேன்.

காலையில் இலங்கை வானொலி. அதன் கதை 1925ல் கொழும்பில் தொடங்குகிறது. 1967ல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பெயர் மாறியது. எங்களுக்கு எப்போதும் அது 'சிலோன்'தான். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர்களின் பெயர்களை சொந்தக்காரர்கள் பெயர் மாதிரி சொல்வோம். 'பொங்கும் பூம்புனல்' ஓடும்போது தெருவில் நடந்து போனால் ஒரு பாட்டை விட்டுவிடாமல் முழுசாகக் கேட்கலாம். ஒரு வீட்டு ரேடியோ விட்ட இடத்தில் அடுத்த வீட்டு ரேடியோ பிடித்துக்கொள்ளும்.

பையன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். "செம ஆன்ட்டி. அங்க போய்ட மாட்டோமான்னு இருக்கு" என்றான்.

"இரு. பாதிதான் சொல்லியிருக்கேன்" என்றேன்.

ரேடியோ கூடத்தில் இருந்தது. அதைத் தொடுகிற உரிமை அப்பாவுக்கு மட்டும். நான் ஒருமுறை குமிழில் கை வைத்ததற்கு அன்று முழுக்கத் திட்டு வாங்கினேன். தம்பி கை வைத்தால் "பார்த்துடா" என்பார். அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் வீட்டு மாடுகளைப் பார்த்துக்கொண்ட பெரியவர் சாயங்காலச் செய்தி கேட்க வருவார். ஊரில் பலரும் வந்து திண்ணையில் உட்கார்ந்து கேட்பார்கள். அவர் மட்டும் தெருவில் நின்றே கேட்பார். அவர் திண்ணையில் ஏறி நான் பார்த்ததே இல்லை. ஏறலாம் என்று யாரும் சொன்னதும் இல்லை.

அம்மா சமையலறையில் இருப்பாள். பாட்டு கூடத்தைத் தாண்டி, ரேழியைத் தாண்டி, புகையோடு புகையாக அவளிடம் வரும்போது பாதி வார்த்தை தேய்ந்திருக்கும். மாதத்தில் மூன்று நாள் கொல்லைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பாள். அங்கே அதுவும் கேட்காது.

சாயங்காலம் நல்ல நிகழ்ச்சிகள் வருகிற நேரம்தான் அம்மா மாவரைக்கிற நேரம். ஆட்டுக்கல்லுக்கு முன்னால் ஒரு காலை மடித்து ஒரு காலை நீட்டி உட்காருவாள். ஒரு கை குழவியைச் சுற்றும், இன்னொரு கை மாவைத் தள்ளிவிடும். எட்டுப் பேர் வீட்டுக்கு அரிசி தனி, உளுந்து தனி. ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. ரேடியோவில் யார் பாடினாலும் அம்மா காதில் விழுந்தது கல்லோடு கல் உரசுகிற சத்தம்தான். அவள் உள்ளங்கையைத் தொட்டால் தோல் மாதிரியே இருக்காது. காய்த்துப்போய் மரப்பட்டை மாதிரி இருக்கும்.

நான் வேலைக்கு வந்த புதிதில், 1981 தீபாவளிக்கு ஒரு வெட் கிரைண்டர் வாங்கி ஊருக்குக் கொண்டுபோனேன். கோயம்புத்தூர்க்காரர்கள் இந்த நாட்டுப் பெண்களுக்குச் செய்த உபகாரத்துக்கு ஆயிரம் சிலை வைக்கலாம். சுவிட்சைப் போட்டதும் கல் தானாகச் சுற்றியது. அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவள் மாதிரி முந்தானையில் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தாள். அப்பா வெளியே போயிருந்தார். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அம்மா அதன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏண்டி, இது இவ்வளவு அழகா இருக்குமா?" என்றாள். பச்சைக் கண்ணைத்தான் சொன்னாள்.

ரேடியோ வந்து 15 வருஷம் ஆகியிருந்தது. தினமும் காலையில் அதைத் துடைத்து வைத்தவளே அவள்தான். ஆனால் அணைந்த ரேடியோவைத்தான் துடைத்தாள். போகிற வருகிற அவசரத்தில் கண்ணில் பட்டிருக்கலாம். எதிரில் உட்கார்ந்து பார்த்தது அன்றுதான். ஒரு புது மெஷின் வந்து அவள் கையை விடுவித்த பிறகுதான், வீட்டிலிருந்த பழைய அழகு அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

பையன் கண்ணைத் திறந்திருந்தான். ஒன்றும் பேசவில்லை.

ஒரு சங்கதி மட்டும் அவனிடம் சொல்லிவைத்தேன். "அந்தக் காலத்துக்குப் போகணும்னு ஆசைப்படறவங்க எல்லாரும் கூடத்துல ஈஸிசேர்ல உட்காரத்தான் ஆசைப்படறாங்க. ஆட்டுக்கல் முன்னாடி உட்காரணும்னு யாரும் கேட்கறதில்ல." 2013 ஜூலையில் தந்தி சேவை முடிந்தபோது, கடைசித் தந்தி அனுப்ப எத்தனை கூட்டம், எத்தனை உருக்கம்! எங்கள் தெருவில் தந்திச் சேவகர் சைக்கிள் நின்றால், பிரிப்பதற்கு முன்பே உள்ளே அழுகை கிளம்பிவிடும்.

அப்படியானால் பழசின் மேல் ஆசை வைப்பதே போலியா? நான் அப்படி நினைக்கவில்லை. காலம் வேறு, பொருள் வேறு. அந்தக் காலத்தை நான் திரும்பக் கேட்க மாட்டேன். அந்த ரேடியோவை ஆயிரம் முறை கேட்பேன். ஆனால் பொருளைப் பார்க்கும்போது அதன் பின்னால் இருந்த கையையும் பார்த்தாக வேண்டும். செய்த கை, சுமந்த கை, அரைத்த கை, ரிப்பேர் பார்த்த கை. அதை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டால், அது அந்த ஓட்டலில் பார்த்த குடல் எடுத்த ரேடியோதான்.

அந்தக் கையைத் தேடித்தான் இரண்டு பேரும் புறப்பட்டோம்.

ஐஸ்ஹவுஸ் பக்கம் ஒரு சந்தில், ஒற்றை அறையில், எழுபது தாண்டிய ஒரு ரேடியோ மெக்கானிக் இருக்கிறார் என்று விசாரித்துக் கண்டுபிடித்தோம். ஒரு காலத்தில் ரிச்சி தெருவில் பெஞ்ச் போட்டு உட்கார்ந்தவர். ரேடியோவைக் கண்டதும் முதலில் அதைப் பாட வைக்கப் பார்க்கவில்லை. திருப்பி வைத்து முதுகைக் கழற்றினார். பெயின்ட் பிரஷ்ஷால் தூசு தட்டினார். ஒரு கரப்பான் கூட்டை எடுத்துப் போட்டார்.

"வீட்டுல பிளக்கைச் சொருகினியா?" என்று பையனைக் கேட்டார்.

"இல்ல சார். பயமா இருந்துச்சு."

"நல்லவேளை. இருபது வருஷம் பட்டினி கிடந்தவனுக்கு எடுத்த உடனே பிரியாணி போடக் கூடாது."

சீரீஸ் பல்பு என்று ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். கரண்ட் நேராக ரேடியோவுக்குப் போகாது. நடுவில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தாண்டித்தான் போகும். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், ரேடியோ தப்பிக்கும். பல்பு மங்கலாக எரிந்தால் பெரிய ஆபத்து இல்லை. கோளாறைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான கருவி இருக்க முடியாது. பல்பு பளீரென்று எரிந்தது. "கண்டென்சர் செத்துப்போச்சு" என்றார்.

வேலை செய்யும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஏன் என்று பையன் கேட்டான். "உள்ள 250, 300 வோல்ட் இருக்கும். நிறுத்தின பிறகும் கண்டென்சர்ல மிச்சம் நிக்கும். ரெண்டு கையையும் விட்டா ஒரு கையில ஏறி நெஞ்சு வழியா மறு கையில இறங்கும். ஒத்தைக் கையால வேலை பார்த்தவன்தான் என் வயசுக்கு வந்திருக்கான்" என்றார். இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவர் படிக்கவில்லை. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், பின்னந்தலையில் தட்டிச் சொல்லிக்கொடுத்தது.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார். பஞ்சு சுற்றிய வால்வுகள். மூர் மார்க்கெட்டில் வாங்கியவை. சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், பழைய புத்தகம், பழைய கிராமபோன், பழைய எல்லாம் கிடைத்த அந்தச் சிவப்புக் கட்டடம் 1900ல் திறந்தது. 1985 மே 30ஆம் தேதி எரிந்துபோனது. எரிவதற்கு ஒரு வாரம் முன்னால் வாங்கியது என்று ஒரு வால்வைக் கையில் வைத்துக் காட்டினார். குழந்தையைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி.

"இதெல்லாம் யாருக்கு சார் குடுப்பீங்க?" என்றான் பையன்.

"யார் வர்றா? என் பையன் துபாய்ல இருக்கான். நான் போனா இந்தப் பொட்டி எடைக்குப் போகும்." குரலில் வருத்தமே இல்லை. கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். எனக்குத்தான் அப்பாவின் ரேடியோ ஞாபகம் வந்தது.

பொருள் செத்தால் அது ஒரு சாவு. அதைத் திறக்கத் தெரிந்த கடைசி ஆள் போய்விட்டால், மிச்சமிருக்கிற அத்தனை பொருளும் ஒரே நாளில் செத்த மாதிரிதான். 2008ல் போலராய்டு கம்பெனி, எடுத்த உடனே படம் வந்து விழுகிற அந்த ஃபிலிமைத் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. உலகம் முழுக்க நல்ல நிலையில் இருந்த கேமராக்கள் அத்தனையும் வெறும் டப்பா ஆகிவிடும் நிலை. நெதர்லாந்தில் என்ஸ்கெடே என்ற ஊரில் மூடவிருந்த தொழிற்சாலையில், அங்கே வேலை பார்த்த சிலரே சேர்ந்து மெஷின்களைக் காப்பாற்றினார்கள். பழைய ரசாயனங்கள் கிடைக்கவில்லை. கலவையைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. முதலில் வந்த படங்கள் மங்கலாக, கறை கறையாக இருந்தன. விடவில்லை. இன்றைக்கும் அந்த ஃபிலிம் கிடைக்கிறது என்றால், மெஷின் மிச்சமிருந்தது மட்டும் காரணமில்லை. அந்த மெஷினோடு பழகிய கைகள் மிச்சமிருந்தன.

பையன் கொஞ்சம் தயங்கிவிட்டு, "சனிக்கிழமை எனக்கு லீவு சார். நான் வந்து கத்துக்கலாமா?" என்றான்.

பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஜெமினி கணேசன் வகிட்டைப் பார்த்தார். "சட்டை கெட்டுப்போகும்" என்றார்.

"பரவால்ல சார்."

அதிலிருந்து ஏழு சனிக்கிழமை. கண்டென்சர்கள் மாற்றினார்கள். அறுந்த டயல் நூலைக் கட்டினார்கள். எந்தச் சக்கரத்தில் எத்தனை சுற்று என்று பையன் நோட்டில் படம் போட்டு வைத்திருக்கிறான். விரலில் இரண்டு இடத்தில் சால்டரிங் அயர்ன் சுட்ட தழும்பு. லிஃப்ட்டில் ஒருநாள் அந்தத் தழும்பை எனக்குக் காட்டினான். புதுக் கைக்கடிகாரம் காட்டுகிற பெருமை முகத்தில்.

எட்டாவது வாரம் ரேடியோ வீட்டுக்கு வந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு என்னைக் கூப்பிட்டான். சிற்றலையில் ஏறக்குறைய வெறும் இரைச்சல். வராதா பின்னே? பி.பி.சி. தமிழோசையே 76 வருஷம் ஒலித்துவிட்டு 2017 ஏப்ரலோடு வானொலியை முடித்துக்கொண்டது. டயலில் எழுதியிருக்கிற ஊர்களில் பாதி இன்று பேசுவதில்லை. மத்திய அலைக்கு மாற்றினோம். ராத்திரியில் அது வெகுதூரம் போகும். பகலில் அந்த அலைகளை உறிஞ்சிவிடுகிற வானத்து அடுக்கு ஒன்று சூரியன் மறைந்ததும் கரைந்துவிடுகிறது, அதனால். ஆனாலும் ஒரே கொரகொரப்பு.

"எல்.இ.டி. பல்பும் சார்ஜரும்தான் ஆன்ட்டி காரணம். அதுல இருந்து வர்ற இரைச்சல். சார் சொல்லியிருக்கார்" என்று ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தான். குழல் விளக்கு, சார்ஜர், வைஃபை, டி.வி. பெட்டி. கடைசி விளக்கும் அணைந்தபோது இரைச்சல் அடங்கியது. இருட்டில் ஒரே வெளிச்சம், அந்தப் பச்சைக் கண்.

அவன் அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "என்னடா, கரண்ட் போயிடுச்சா?" என்றவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, இங்க வா. நீ திருப்பு" என்றான் பையன். எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தான்.

"எனக்கெதுக்குடா, உடைச்சிடப் போறேன்."

"உடைஞ்சா நான் சரி பண்ணுவேன்மா."

அவள் குமிழைப் பிடித்து மெல்லத் திருப்பினாள். எந்த ஊரோ, என்ன மொழியோ, ஒரு பெண் குரல் வந்தது, போனது, மறுபடி வந்தது. நிழல் குறுகிக் கண் கூர்ந்தது. நாங்கள் மூன்று பேரும் ஒரு வார்த்தை புரியாமல் அரைமணி நேரம் கேட்டோம். அந்த ஊர்க் கல்யாண வீட்டில், எங்களுக்கும் இடம் போட்டிருந்தார்கள்.

போன மாதம் பையன் வந்து, "ஆன்ட்டி, ஒரு பழைய ஆட்டுக்கல் விலைக்கு வருது. பால்கனியில வெச்சு தண்ணி ஊத்திப் பூ மிதக்க விடலாம்னு அம்மா சொல்றாங்க. வாங்கட்டுமா?" என்றான்.

"வாங்கு. பூப்போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அதுல மாவரை. உன் கையால" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கிண்ணத்தில் மாவு வந்தது. கொஞ்சம் நறநறவென்றுதான் இருந்தது. பையன் வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்.

"ஒரு மணி நேரம் ஆச்சு ஆன்ட்டி. நாலு பேருக்குத்தான் வரும். உங்கம்மா இதை வாரத்துல எத்தனை நாள் பண்ணுவாங்க?"

"ஞாயிறு, திங்கள், செவ்வாய்னு ஆரம்பிச்சு எண்ணிக்கோ" என்றேன்.

அவன் விரல் விட்டு எண்ணிக்கொண்டே படியேறிப் போனான்.